இலை எடுத்த பின்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் பயணம் செய்வோருள் பலர், அவ்வூரின் பெயரிலேயே பூ இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பதினோராம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த அடியார் ஒருவர், மலர்களைத் தொடுத்துக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குக் கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. அவரே திருக்கச்சி நம்பி. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பணி அவருடையது. வைசிய குலத்தவரான அவரை, அந்தணராகிய இராமானுசர் தம் குருவாகக் கொள்ள விழைந்தார். பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் இன்றும் நம்பிக்குச் சந்நிதி உண்டு.

குருபரம்பரை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. நம்பி உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆவல். எனவே அவரை விருந்துக்கு அழைத்தார். உணவு ஆயத்தமானதும் அவரை அழைத்துவர ஒரு தெரு வழியே இராமானுசர் செல்ல, நம்பியோ வேறொரு தெரு வழியே வீட்டிற்கு வந்துவிட்டார். இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் அவரை அமர்த்தி அமுது படைத்தார். நம்பி விடைபெற்றதும் அவர் உண்ட இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் இதைக் கண்டு உள்ளம் நொந்தார்.

இக்கதையைக் கேட்டதும் தஞ்சமாம்பாள் மீது நமக்குச் சினம் எழுகிறது. சற்றே நின்று எண்ணுவோம். அவர் விருந்தினரைப் பசியோடு திருப்பி அனுப்பவில்லை, மனமாரப் பரிமாறினார். பின்னர் செய்ததையும் வெறுப்பினால் செய்யவில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்ட ஆசாரத்தைக் கடமையாகக் கருதியே செய்தார். அவரிடத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் இலை எடுக்கும் வரை மட்டுமே சென்றது. அதற்கப்பால் அவரது நம்பிக்கை ஒரு கோடு கிழித்திருந்தது. கணவரும் மனைவியும் வணங்கிய தெய்வம் ஒன்றே. ஒருவர் அந்தச் சமயத்தில் அடியாரின் மேன்மையை முதலில் வைத்தார். மற்றவர் குலத் தூய்மையை முதலில் வைத்தார். ஆகவே, சமயப் பற்று இரக்கத்தை வளர்க்குமா, தடுக்குமா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. நம் பற்றில் எதை முதலிடத்தில் வைக்கிறோம் என்பதையே விடை பொறுத்துள்ளது.

அரசியல் பற்றுக்கும் இது பொருந்தும். பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள ஆவடியில் 1955 சனவரியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயம் அமைப்பதைக் குறிக்கோளாகத் தீர்மானித்தது. அப்போது மாநில முதலமைச்சராக இருந்தவர் காமராசர். இளமையில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். மறு ஆண்டு எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மாநாட்டுப் பந்தலில் பேசப்பட்ட சமத்துவம், பள்ளிச் சிறுவனின் தட்டில் சோறாகியபோதுதான் எளியோருக்கு விளங்கியது.

ஆனால் அந்தச் சோற்றுக்கு ஒரு கட்சி மட்டும் உரிமை கொண்டாட இயலாது. காங்கிரசுக்கு எதிரணியில் நின்ற நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு வழங்க முன்வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் தி.மு.க. அரசு காலை உணவையும் சேர்த்தது. மேடைகளில் ஒருவரையொருவர் கடிந்துரைத்தவர்கள், பசித்த பிள்ளையின் முகத்தைக் கண்டபோது ஒரே முடிவுக்கு வந்தனர்.

பிறர் வீட்டு இலையைப் பற்றிப் பேசிய நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், இரு சாதியினர் தனித்தனியே அமர்வதற்காக இரு கூறாகவே கட்டப்பட்டது. பீடம் ஒன்று, நடுவே சுவர். ஒரே நற்கருணையை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி செய்தது அச்சுவர். 1910-இல் அது இடிக்கப்பட்டபோது மகிழ்ந்தோர் உண்டு. வழக்குத் தொடுத்தோரும் உண்டு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்காடியவர்களும் செபமாலை சொன்னவர்களே என்பதை மறவாதிருப்போம்.

இத்தகைய தடுமாற்றம் திருச்சபைக்குத் தொடக்க நாள் முதலே உண்டு. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு பந்தியில் அமர்ந்து உண்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி அப்பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். பேதுருவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. கொர்னேலியுவின் வீட்டிலேயே அவர் அதைக் கற்றிருந்தார். தம்மவர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே அவரைப் பின்வாங்கச் செய்தது. நம் இரக்கம் குன்றுவதும் பெரும்பாலும் கொடுமையினால் அன்று. நம் கூட்டத்தாரின் கண்ணுக்கு அஞ்சுவதனாலேயே.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தெருக்களிலும் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். வேற்று மொழியினர், வேற்றுச் சமயத்தினர் நம் அண்டை வீட்டார் ஆகியுள்ளனர். நம்மினும் வேறான கட்சிக்கு வாக்களிப்போரும் அவ்வாறே. திருவிழா நாளில் அவர்களை அழைத்து உணவு பரிமாறுகிறோம், நன்று. அவர்கள் எழுந்து சென்றபின் அவர்களைக் குறித்து நம் பிள்ளைகளின் காதுபட நாம் என்ன பேசுகிறோம்? பரிமாறிய கை தஞ்சமாம்பாளுடையதுதான். அவர் குறைவுபட்டது இலை எடுத்த பின்னரே. நம் நம்பிக்கை அளக்கப்படுவதும் அங்கேதான்.