கும்மிடிப்பூண்டியின் முழங்கை

முழங்கையின் வெளிப்புறத் தசைநாணில் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, விளையாட்டு மைதானத்தில் கண்டறியப்பட்டதல்ல. 1873இல் ஜெர்மானிய மருத்துவர் ரூங்கே, எழுதுகிறவர்களின் கையில்தான் அதை விவரித்தார். அதை டென்னிஸோடு சேர்த்து ஹென்றி மோரிஸ் 'லான்செட்' இதழில் எழுதியது 1882இல். ஆக, வேலையோடு வந்த நோய் இது. சிப்காட் வளாகமும் இரும்பு ஆலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் அந்த வேலைக்குக் குறைவில்லை. ரோலிங் மில்லில் இடுக்கி பிடிப்பவர், வார்ப்படத்தின் பிசிறை கிரைண்டரால் தேய்ப்பவர், சம்மட்டி அடிப்பவர் எல்லோரும் இறுகிய பிடியை மணிக்கட்டால் தாங்குகிறார்கள். அந்தச் சுமை முழங்கையில் விரலகலம்கூட இல்லாத ஓரிடத்தில் இறங்குகிறது.

இந்த வலிக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அதிர்வலைச் சிகிச்சை வேறொரு நோய்க்காகப் பிறந்தது. அதிவேக விமானங்களை மழைத்துளி எப்படிச் சேதப்படுத்துகிறது என்று ஆராய்ந்த டோர்னியர் நிறுவனத்தின் அறிவு, 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் ஒருவரின் சிறுநீரகக் கல்லை உடைத்தது. கத்தி படாமல் கல் உடைந்தது பெரும் சாதனை. தசைநாணிலோ உடைக்க எதுவும் இல்லை. அலை திசுவைத் தூண்டி ஆற்றும் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. 2002இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 272 பேர் பங்கேற்றனர். உண்மைச் சிகிச்சையில் 25.8 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சையில் 25.4 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். 2005ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வும் பயன் சொற்பம் என்றே முடித்தது. டென்னிஸ் ஆடுவோரிடம் நல்ல பலன் கண்ட ஆய்வு உண்டு, அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வலித்தால் மட்டையைக் கீழே வைக்க முடிந்தவர்கள் அவர்கள்.

அந்த ஜெர்மானிய ஆய்வில் ஓராண்டுக்குள் இரு பிரிவிலும் மூன்றில் இருவர் தேறினார்களே, பிறகு கவலை எதற்கு என்று கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஓராண்டு முழுக்க அதே இடுக்கி, அதே ஷிப்ட். கைக்கு ஓய்வு கொடுத்தால் கூலி போகும். ஆகவே அதிர்வலைக் கருவியைவிட முதலில் தேவைப்படுவது, இந்த வலியைத் தொழில்நோயாக ஏற்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியல் இதை ஏற்றிருக்கிறது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கச் சொன்ன 29 நோய்களில் இது இல்லை. வீட்டு வேலையாலும் இந்த வலி வருமே, ஆலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்ற தடை நியாயமானதுதான். காது மந்தமும் பல காரணங்களால் வருகிறது. ஆயினும் இரைச்சலால் வரும் செவிக்குறைவு அந்தச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றது. சாதாரண நோய் என்றால் இஎஸ்ஐ ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் தருகிறது. பணிக்காயம் என்று ஏற்றால் கை தேறும்வரை 90 விழுக்காடு.