சாவியைத் திரும்ப மாட்ட யார் ஞாபகம் வச்சுக்கிறது?

ஒரு பேச்சிலர் வீட்டை நினைச்சுப் பாருங்க. பத்துப் பேர், ஒரே பாத்ரூம், ஒரே சாவி. சாவி ஹாலில் ஒரு ஆணியில் தொங்கும். எடுத்தவர் குளிச்சுட்டு வந்து திரும்ப மாட்டணும். ஒருநாள் ஒருத்தர் அவசரத்தில் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிடறார். மிச்சம் ஒன்பது பேரும் தோளில் துண்டோட நிக்கிறாங்க.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னலுக்குள்ளயும் இதே பிரச்சினை உண்டு. ஒரே தகவலை ரெண்டு ப்ராசஸர்கள் ஒரே நேரத்தில் மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். அதற்காகத்தான் 'லாக்'. எடுத்த லாக்கை வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? இன்றைய கதை அதுதான்.

1960களில் டச்சு விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 'செமஃபோர்' என்ற கருவியைக் கொடுத்தார். அதில் எடுப்பதற்கு ஒரு கட்டளை, விடுவதற்கு ஒரு கட்டளை. ரெண்டாவதை எழுத மறந்தால் முடிஞ்சது கதை. 1970களின் தொடக்கத்தில் டோனி ஹோரும் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் 'மானிட்டர்' என்ற யோசனைக்கு வந்தார்கள்: மனுஷன் மறப்பான், அதனால் எடுப்பதையும் விடுவதையும் கம்பைலரே செய்யட்டும். பிரிஞ்ச் ஹான்சன் இதை 'கன்கரன்ட் பாஸ்கல்' என்ற மொழியிலேயே சேர்த்து, 'சோலோ' என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அதில் எழுதிக் காட்டினார்.

அப்போ அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கணுமே? தீரவில்லை. யூனிக்ஸும் அதன் வழியில் வந்தவையும் சி மொழியில் எழுதப்பட்டன. சி நீங்க எழுதினதை மட்டும்தான் செய்யும். எழுதாததைத் தானாகச் செய்யாது.

1991இல் லினக்ஸ் வந்தது. 1996இல் வந்த 2.0 பதிப்பு பல ப்ராசஸர்கள் உள்ள கம்ப்யூட்டரிலும் ஓடியது. அப்போது கிட்டத்தட்ட முழு கெர்னலுக்கும் ஒரே லாக். 'பிக் கெர்னல் லாக்' என்று பெயர். வேகம் வேண்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, 2011இல் முழுசாக எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு சாவி ஆயிரக்கணக்கான சாவிகளாகிவிட்டது.

இப்போ ஒரு ஃபங்ஷனைப் பாருங்க. லாக் எடுக்குது. மெமரி கேட்குது, கிடைக்கலைன்னா வெளியேறணும். டிவைஸைக் கேட்குது, பதில் வரலைன்னா வெளியேறணும். ஒவ்வொரு வாசலிலும் சாவியை மாட்டணும். இதற்காக கெர்னல்காரர்கள் 'கோடூ'வைப் பயன்படுத்தினார்கள். ஆமா, காலேஜில் "தொடவே தொடாதே" என்று சொல்லித்தருவாங்களே, அதே கோடூதான். எந்தத் தவறு நடந்தாலும் ஃபங்ஷனின் அடியில் உள்ள 'அன்லாக்' வரிக்குத் தாவிவிட வேண்டும்.

எழுதியவர் இருக்கும்வரை சரி. சில வருஷம் கழித்து வேறொருவர் நடுவில் புதுசா ஒரு 'ரிட்டர்ன்' சேர்ப்பார், அங்கே அன்லாக் இருக்காது. தவறு நேரும்போது மட்டும் ஓடுகிற பாதை என்பதால் டெஸ்டிங்கிலும் சிக்காது. 2006இல் இங்கோ மோல்நார் கொண்டுவந்த 'லாக்டெப்' லாக் தவறுகளைப் பிடித்துக் கொடுத்தது. ஆனால் அந்தப் பாதை ஒருமுறையாவது ஓடினால்தான் அதுவும் பிடிக்கும்.

தீர்வு வேறெங்கும் இல்லை, ஜிசிசி கம்பைலருக்குள்ளேயே இருந்தது. ஒரு வேரியபிளின் எல்லை முடியும்போது ஒரு குறிப்பிட்ட வேலையைத் தானாகச் செய்யும் 'க்ளீனப்' வசதி 2000களின் முதல் பாதியிலேயே வந்துவிட்டது. சி++ அந்த வழியை 1980களிலிருந்தே அறியும். 2022 டிசம்பரில் கெர்னலுக்குள் நுழைந்த ரஸ்டுக்கு அது பிறவிக் குணம். கடைசியில் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா அந்த க்ளீனப் வசதியை வைத்து 'கார்ட்' என்ற மேக்ரோவை எழுதினார். 2023 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 6.5இல் அது சேர்ந்தது. இனி லாக் எடுக்க ஒரே வரி போதும். எந்த வாசல் வழியாக வெளியே போனாலும் சாவி தானாக ஆணிக்குப் போய்விடும். கார்டை நடுவில் அறிவிக்க வசதியாக, வேரியபிள்களை ப்ளாக்கின் தலையில்தான் அறிவிக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்த எச்சரிக்கையையும் அப்போதே நீக்கினார்கள்.

எல்லாரும் கைதட்டலை. நெட்வொர்க்கிங் பிரிவின் வழிகாட்டி, 20 வரிக்கு மேல் நீளும் ஃபங்ஷன்களில் கார்ட் வேண்டாம் என்கிறது. லாக் எங்கே முடிகிறது என்று வெளிப்படையாகக் காட்டும் 'ஸ்கோப்டு கார்ட்' மேல் என்கிறது. நியாயம்தான். சாவி நிச்சயம் திரும்பி வரும். ஆனால் உள்ளே போனவர் ஒரு மணி நேரம் பாட்டுப் பாடினால் வரிசை அப்படியேதான் நிற்கும். கோடூவையும் இதையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீங்க என்றும் கெர்னலின் ஆவணம் சொல்கிறது.

1970களில் வந்த யோசனை லினக்ஸுக்கு வந்து சேர ஏறக்குறைய 50 வருஷம் ஆனது. கெர்னல் எழுதுறவங்க அலட்சியக்காரங்க இல்லை. அவங்களே மறந்தாங்க என்பதுதான் விஷயம். அடுத்த முறை உங்க டீமில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தா, "கவனமா இருங்கப்பா"ன்னு மெயில் போடறதுக்கு முன்னாடி, அந்த ஆணியைக் கொஞ்சம் மாற்றி அடிக்க முடியுமான்னு பாருங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.