பட்டான் கல்

ஒய்சள மன்னன் சோமேஸ்வரன் 1254 வாக்கில் நாட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தான். துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு, தமிழ்ப் பகுதியும் கோலார்ச் சீமையும் ராமநாதனுக்கு. பிறகு தன் தலைநகரான கண்ணனூரைப் பாண்டியரிடம் பறிகொடுத்த ராமநாதன், கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனஹள்ளிப் பக்கம் உள்ள குந்தாணிக்கு வந்து சேர்ந்தான். பங்காளிச் சண்டை ஓயவில்லை. இன்றைய கர்நாடக எல்லையோரம் அதற்கு நடுவே கிடந்தது.

அரசர்கள் பெயர் கோயில் சுவர்களில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சண்டைகளில் செத்தவனுக்கு மிஞ்சியது ஊர்ப் பாறையில் உடைத்த ஒரு பலகைக் கல்தான். குந்தாணியை அடுத்த சின்னகொத்தூரில் அப்படிப்பட்ட நடுகற்கள் கூட்டமாக நிற்கின்றன.

அடுக்கடுக்காகச் செதுக்கிய நடுகல்லைக் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். அடியில் சண்டை: உருவிய வாள், உடம்பில் தைத்த அம்பு. நடுவில் தேவமாதர் இருவர் செத்த வீரனைத் தாங்கிப் போகிறார்கள். உச்சியில் லிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். குதிரையில் வந்தவனா, கால்நடையாக வந்தவனா என்பதும் தெரியும். பக்கத்தில் வளையல் அணிந்த கையை உயர்த்திய பெண் இருந்தால், அவன் வீட்டில் அன்று இன்னொரு உயிரும் போயிருக்கிறது.

எழுத்து இருந்தால் இன்னும் கிட்டே போகலாம். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று, கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்த கோவிவன் என்ற அவன் நாயின் பெயரையும் சொல்கிறது. செப்பேடுகள் ஒரு வீரனை இவ்வளவு நெருக்கமாகக் காட்டுவது அரிது.

சண்டை மறந்தபின் கல் சாமியாகிறது. பல ஊர்களில் அது வேடியப்பன். எண்ணெய், மஞ்சள், பொங்கல், கிடா வெட்டு எல்லாம் உண்டு. கும்பிட ஆளிருக்கும்வரை கல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆளற்றுப் போனால் வரப்புக் கல்லாகும், துணி துவைக்கும் கல்லாகும். இப்போது ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும் பெருக, ஜேசிபி ஒரே தள்ளில் அதை மண்ணோடு மூடிவிடும்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993 முதல் இருக்கிறது; நடுகற்களும் அங்கே உண்டு. ஆனால் நின்ற இடம் தெரியாத கல், பாதிக் கதையை இழந்த கல். நிலம் சீர்செய்கையில் உருவம் பொறித்த கல் தென்பட்டால் வண்டியை நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள்.