ஏட்டில் ஏறிய குத்தகைதாரர் பெயர்

கயத்தாறு போன்ற கரிசல் ஊர்களில் குத்தகை என்றால் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். உழுபவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

1955-இல் வந்த பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் "இவர் குத்தகைதாரரே இல்லை" என்று நிலக்காரர் சொல்லிவிட்டால்? அங்கேதான் சிக்கல்.

அதற்காகவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. சர்வே எண், பரப்பு, நில உரிமையாளர், பயிரிடுபவர் என எல்லாம் கிராமவாரியாக ஓர் ஏட்டில் ஏற வேண்டும். விடுபட்டவர் மனு கொடுக்கலாம், மேல்முறையீடும் உண்டு.

பெயர் ஏறியதால் நிலம் சொந்தமாகிவிடாது. ஆனால் வெளியேற்றும் வழக்கு வந்தால் காட்ட ஒரு சான்று இருக்கும். கணக்கில் எழுதாத பாக்கி வசூலாகாது என்பது கடைக்காரருக்குத் தெரியும், உரிமையும் அப்படித்தான்.