கார் போர்ச்சுக்கு ஓட்டுக் கூரை: ஓடு வாங்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

வரிசை வீடுகளில் கார் போர்ச்சுக்குக் கூரை போடுவது எல்லாத் தாமான்களிலும் நடக்கும் வேலை. பெரும்பாலோர் இரும்புச் சட்டம் அடித்துத் தகரத் தகடு போட்டுக் கொள்கிறார்கள். வெயிலில் தகரம் அனலாகக் காய்கிறது. அடைமழையில் வீட்டுக்குள் பேசுவதே கேட்பதில்லை. அதனால் வீட்டுக் கூரையைப் போலவே போர்ச்சுக்கும் ஓடு போட விரும்புவோர் உண்டு. கைவேலை தெரிந்தவர்கள், சனி ஞாயிறுகளில் தாங்களே செய்துவிடலாம் என்றும் கணக்குப் போடுகிறார்கள். செய்யலாம். ஆனால் தகரம் இருந்த இடத்தில் ஓட்டை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

முதலில் எடை. இங்கே பரவலாகக் கிடைக்கும் கான்கிரீட் ஓடு ஒன்று 4 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். சதுர அடிக்கு ஏறக்குறைய ஓர் ஓடு தேவை. 20 அடி அகலம், 16 அடி நீளமுள்ள போர்ச்சுக்குச் சரிவையும் சேர்த்தால் 340 சதுர அடி வரும். அப்படியானால் ஓடு மட்டுமே 1,300 கிலோவுக்கு மேல். ஒரு மைவி காரைக் கூரைமேல் ஏற்றி வைத்தாலும் இவ்வளவு எடை வராது. அதே இடத்துக்குத் தகரத் தகடு 150 கிலோ அளவில் முடிந்துவிடும். தகரத்துக்காகப் போட்ட மெல்லிய இரும்புச் சட்டமும், செங்கல் சுவரில் திருகிய நான்கு போல்ட்டும் ஓட்டைத் தாங்காது. ஓட்டுக் கூரைக்கு அதற்கென்றே தூண்களும் அடித்தளமும் வேண்டும்.

அடுத்தது சரிவு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தகரம் அடிக்கு ஓர் அங்குலச் சரிவு இருந்தாலே தண்ணீரை வடித்துவிடும். ஓடு அப்படியல்ல. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால், சரிவு குறைந்தால் காற்று மழைநீரை மேல்நோக்கித் தள்ளி உள்ளே விட்டுவிடும். அடிக்கு நாலரை அங்குலம், அதாவது 20 டிகிரி அளவு, இருப்பது நல்லது. 16 அடி நீளத்துக்கு இதைக் கணக்கிட்டால் கூரை 6 அடி உயர வேண்டும். கேட் பக்கம் கூரையின் உயரம் 8 அடி என்றால், வீட்டுச் சுவரில் அது 14 அடியில் போய் முட்டும். மாடி வீட்டில் அந்த உயரத்தில் பெரும்பாலும் மேல்மாடி சன்னல் இருக்கும். ஒற்றை மாடி வீட்டிலோ, வீட்டுக் கூரையின் ஓரமே 10 அடி உயரத்தில்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஓட்டை 10 அடி நீளத்தோடு நிறுத்திக் கொண்டால் உயரம் 3 அடி 9 அங்குலமாகக் குறையும். மாடி வீட்டில் சன்னலுக்குக் கீழே அது அடங்கிவிடும். இல்லையென்றால் முகட்டை வாசலிலிருந்து கேட்டை நோக்கி நடுவில் ஓடவிட்டு, இடமும் வலமும் சரிக்கலாம். பார்க்க அழகானது இதுதான். ஆனால் ஒற்றை மாடி வீட்டில் முகடு பழைய கூரைக்குள் போய்ச் சேரும். அந்த மூலையை ஒழுகாமல் கட்டுவது பழகிய கைக்கே சிரமம். தண்ணீரும் பக்கத்து வீட்டை நோக்கி வடியும். எனவே இருபுறமும் எல்லைக்குள்ளேயே தகரக் கால்வாயும் இறங்கு குழாயும் போட்டாக வேண்டும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வரும் இடமும் இதுதான்.

அளவு ஒத்து வந்தால் அடுத்த வேலை ஊராட்சி மன்றத்தில். தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதியின்றிக் கட்டினால், இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் நடைமுறை ஒன்றாக இருக்காது. மன்றத்துக்கு மன்றமும் மாறும். தூணும் அடித்தளமும் உள்ள வேலைக்குப் பதிவு பெற்ற வரைவாளரிடமோ பொறியாளரிடமோ வரைபடம் வாங்குவது வீண்செலவு ஆகாது. தூண் எவ்வளவு கனம், அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். தோட்ட லயங்களிலும் நிறுவனக் குடியிருப்புகளிலும் இருப்போர் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே குழி தோண்டலாம்.

தோண்டும் முன் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பல வரிசை வீடுகளில் அது போர்ச்சுக்கு அடியில்தான் ஓடும். பழைய வீடுகளில் மின்கம்பி தெருக் கம்பத்திலிருந்து நேரே முகப்புக்கு வரும். அதைத் தொடாமல் தெனாகாவிடம் பேசுவதே சரி. பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் இருந்தால் அதில் ரம்பமோ துளைக் கருவியோ வைக்கவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

சட்டம் நின்ற பிறகு உள்ள வேலையைப் பொறுமைசாலி எவரும் செய்யலாம். ஓடு தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி பொதுவாக 13 அங்குலத்தை ஒட்டி வரும். ஓட்டு நிறுவனம் தரும் அளவே முடிவானது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் 3 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். கீழிருந்து மேலாக அடுக்குங்கள். முதல் வரிசைக்கு அடியில் இன்னோர் ஓடு இல்லாததால், ஓரப் பலகையைச் சற்று உயர்த்தினால்தான் அந்த வரிசை தலை கவிழாது. ஓட்டின் நுனி 2 அங்குலம் தகரக் கால்வாய்க்குள் நீண்டிருக்கட்டும்.

சுவரும் ஓடும் சேரும் இடத்தில் சிமெண்டை மட்டும் பூசினால் சில மாதங்களில் வெடித்து ஒழுகும். சுவரில் காடி வெட்டித் தகரப் பட்டையைச் செருகி, அதன்மேல் பசை அடைப்பது நிற்கும்.

ஓரத்து ஓடுகள் அனைத்தையும் ஆணி அடித்தோ கொக்கி போட்டோ இறுக்க வேண்டும். போர்ச் மூன்று பக்கமும் திறந்திருப்பதால் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். மேற்குக் கரையில் விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மேலே தனியாக ஏற வேண்டாம். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். கீழே குறுக்குச் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். கணக்குக்கு மேல் ஓர் இருபது ஓடுகளை வாங்கி வீட்டுப் பின்புறம் வைத்துக் கொள்ளுங்கள். பத்தாண்டுகள் கழித்து ஒன்று உடையும்போது அதே அச்சும் நிறமும் கடையில் கிடைப்பது அரிது.