நைல் கரைக் கோயில்கள் – 7: கடைசிக் கல்வெட்டு

சென்ற வாரம் கர்னாக்கில் பெருந்தூண்களுக்கிடையே நடந்தோம். அங்கிருந்து தெற்கே வந்தால், அஸ்வானுக்கு அருகில் ஷெல்லால் படகுத்துறை. மோட்டார் படகில் ஏறிய சில நிமிடங்களில் பிலே கோயில் நிற்கும் தீவு வந்துவிடும். இசிஸ் தேவியின் கோயில் இது. 18 மீட்டர் உயர முகப்புச் சுவரில், பகைவர்களின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஓங்கும் 12-ஆம் தாலமியைக் காணலாம்.

வழிகாட்டிகள் இதைக் காட்டாமல் விடமாட்டார்கள். ஆனால், மேற்குப் பக்கத்தில் ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் பெயரால் வழங்கும் சிறு வாசலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய சித்திர எழுத்து முடிவுக்கு வந்த இடம் அது.

அங்கே நூபியத் தெய்வமான மண்டுலிஸின் உருவத்துக்கருகே, நெஸ்மெட்டர்அகெம் என்ற இசிஸ் கோயில் பூசாரி தன் பெயரையும் தந்தையின் பெயரையும் பொறித்து, இது என்றென்றும் நிலைக்கட்டும் என்று வேண்டியிருக்கிறார். நாள்: கி.பி. 394, ஆகஸ்ட் 24. காலம் உறுதியாகத் தெரிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் இதுவே கடைசி.

பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளுக்குத் தடை விதித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்லைக்கு அப்பால் வாழ்ந்த பிளெம்மியர்கள் இசிஸ் பக்தர்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள ரோம் விரும்பவில்லை. அதனால் பிலேயில் மட்டும் பூசை தொடர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கோயிலை மூடினார். தூண் மண்டபம் புனித ஸ்தேவான் தேவாலயமானது. அப்போது வெட்டிய சிலுவைகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன.

ஆனால் எழுத்து அதற்கு முன்பே போய்விட்டது. அதை அறிந்தவர்கள் பூசாரிகள் மட்டுமே. கோயில்கள் ஒவ்வொன்றாக நலிந்தபோது கற்பிக்கவும் ஆளில்லை, கற்கவும் ஆளில்லை. ஓர் அறிவு சிலர் கைக்குள்ளேயே இருந்தால் அதன் கதி இதுதான்.

அந்த எழுத்தை மறுபடியும் படிக்க உதவியதும் இதே பிலேதான். இங்கிருந்து வில்லியம் பேங்ஸ் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஸ்தூபியில் கிளியோபாட்ரா என்ற பெயர் இருந்தது. ரொசெட்டா கல்லில் இருந்த தாலமியின் பெயரோடு அதை ஒப்பிட்ட பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன், 1822-இல் புதிரை அவிழ்த்தார்.

அடுத்த ஆபத்து தண்ணீரால் வந்தது. 1902-இல் அஸ்வானில் கட்டி முடித்த அணையால் கோயில் ஆண்டின் பெரும்பகுதி மூழ்கிக் கிடந்தது. சுவர்களின் வண்ணங்கள் கரைந்தன. மேலணையும் வந்தபின், யுனெஸ்கோவின் துணையோடு பழைய தீவைச் சுற்றித் தடுப்பணை கட்டி, நீரை இறைத்து, சுமார் 40,000 கற்களைப் பிரித்தெடுத்தார்கள். அருகிலிருந்த அகில்கியா தீவில் அவற்றை அடுக்கி, 1980-இல் கோயிலைத் திறந்தார்கள். நாம் படகில் போவது அந்தத் தீவுக்குத்தான்.

என்றென்றும் நிலைக்க வேண்டும் என்ற பூசாரியின் வேண்டுதலைக் காத்துத் தந்தவர்கள், அவருடைய தெய்வத்தை வணங்காதவர்கள். பழைமையைக் காக்க அதன் வாரிசாக இருக்க வேண்டியதில்லை. அதன் அருமை தெரிந்தால் போதும்.

(அடுத்த வாரம்: மலையோடு பெயர்த்தெடுத்த அபு சிம்பெல்)