வெட்டலும் ஒட்டலும்: கணினிச் செயல்திறன் பதிவேடுகளின் வரலாறு

ஆவணக் காப்பகங்களைப் பற்றி எழுதும்போது நாம் ஓலை, தாள், நுண்படம் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். கணினி தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பை ஆவணமாகக் கருதுவது அரிது. மையச் செயலி எத்தனை விழுக்காடு உழைத்தது, நினைவகத்தில் எவ்வளவு எஞ்சியது, வட்டில் எத்தனை முறை எழுதப்பட்டது என்று சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ ஒருமுறை பதிவாகும் செயல்திறன் பதிவேடுகளையே குறிப்பிடுகிறேன். இவை தோன்றிய நாள்முதல் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் வருகின்றன. அவ்வாறு செய்வதற்கு எழுந்த கருவிகளின் வரலாறு, மூலச்சான்றைக் கையாளும் எவருக்கும் ஒரு முறையியல் பாடமாகும்.

1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யுனிக்ஸ் மரபு, பெரிய வேலையைச் சிறு கட்டளைகளாகப் பிரித்துச் செய்யும் பழக்கத்தை வளர்த்தது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளையின் உள்ளீடாக்கும் 'பைப்' என்னும் குழாய் 1973இல் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் அதில் இடம்பெற்றது. இரு பதிவேடுகளை நேர வரிசையில் இணைப்பதும், தேவையான பகுதியை மட்டும் எடுப்பதும் இச்சூழலில் கட்டளை வரியின் இயல்பான தொழில்களாயின. 'சார்ட்' என்னும் வரிசைப்படுத்தும் கட்டளைக்கு, ஏற்கெனவே வரிசையிலுள்ள கோப்புகளை இணைக்க மட்டும் தனியொரு தெரிவு உண்டு. அத்தெரிவு உள்ளீடு உண்மையிலேயே வரிசையில் இருக்கிறது என்று நம்பிச் செயற்படுகிறது. நம்பிக்கை பிழைத்தால் விளைவும் பிழைக்கும்.

யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வழியே பரவிய 'சார்' (நம் மரியாதைச் சொல் அன்று, கணினிச் செயற்பாட்டு அறிக்கையாளர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) செயல்திறன் பதிவுக்கு ஒரு நிலையான வடிவம் தந்தது. ஒரு நிரல் இடைவெளி விட்டு அளவுகளைத் திரட்டி இருமக் கோப்பில் எழுதும். இன்னொன்று நாளின் முடிவில் அறிக்கை தந்து, ஏழு நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கும். கோப்பின் பெயரில் மாதத்தின் தேதி மட்டுமே இருந்தது. ஆகவே பழையதை அழிக்காவிடினும் அடுத்த மாதத்தின் அதே தேதி அவ்விடத்தைக் கோரும். மறதி இங்கே பெயரிடும் முறையிலேயே பொதிந்திருந்தது. லினக்ஸுக்காக செபாஸ்டியன் கோதார் உருவாக்கிய 'சிஸ்டாட்' தொகுப்பும் இம்மரபைத் தொடர்ந்தது. கோப்பைக் குறிப்பிட்டுத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் காட்டும்.

1990களின் நடுவில் இரு வேறு விடைகள் தோன்றின. இணையப் போக்குவரத்தை அளக்க டோபியாஸ் ஓட்டிகர் 1995இல் வெளியிட்ட எம்ஆர்டிஜியும், அதிலிருந்து 1999இல் பிறந்த ஆர்ஆர்டிடூலும் ஒரு விடை. இவற்றின் கோப்பு ஒருபோதும் வளராது. அண்மைக் காலம் ஐந்து நிமிட நுணுக்கத்தில் இருக்கும். பழையதாக ஆக அது அரை மணி, இரண்டு மணி, ஒரு நாள் எனத் திரண்டு சராசரியாகிவிடும். சேமிப்பிடம் குறைந்த காலத்தில் இது அறிவார்ந்த ஏற்பாடே. ஆயினும் சராசரி எதை விழுங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிடங்களில் ஒன்பது நிமிடம் செயலி 20 விழுக்காடும், ஒரு நிமிடம் 100 விழுக்காடும் உழைத்திருந்தால் சராசரி 28. அந்த ஒரு நிமிடத்தில்தான் கணினி மூச்சுத் திணறியது. பதிவேடோ அமைதியான பத்து நிமிடங்களைக் காட்டுகிறது. பெருமத்தையும் தனியே சேமிக்கும் வசதி ஆர்ஆர்டிடூலில் உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். பின்னர் கேட்டால் கிடைக்காது.

இரண்டாம் விடை சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் 'பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட்'. 2000இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட இதன் காப்பகம் ஒற்றைக் கோப்பன்று. அளவுகள் ஒரு கோப்பிலும், அவ்வளவுகளின் பொருள், அலகு, வகை ஆகியவை இன்னொன்றிலும், நேர அட்டவணை மூன்றாவதிலும் இருக்கும். தரவோடு அதன் இலக்கணமும் சேர்ந்தே பயணிக்கிறது.

இதிலுள்ள 'பிஎம்லாக்எக்ஸ்ட்ராக்ட்' என்னும் கட்டளை பல காப்பகங்களை ஒன்றாக்கும். தொடக்கமும் முடிவும் தந்தால் அவ்வெல்லைக்குள் நறுக்கும். பெயர்ப்பட்டியல் தந்தால் அவ்வளவுகளை மட்டும் எடுக்கும். இணைக்கும்போது அது செய்யும் ஒரு காரியம் வரலாற்று மாணவர்க்குக் கவனத்திற்குரியது. ஒரு காப்பகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அது ஓர் அடையாளப் பதிவை இடுகிறது. 'இங்கே தொடர்ச்சி அறுந்திருக்கலாம்' என்பதே அதன் பொருள். இதன் தேவை வெளிப்படை. பல அளவுகள் இயந்திரம் தொடங்கியதிலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்ணிகள். இயந்திரம் அணைந்து மீண்டால் எண்ணி சுழியத்திலிருந்து தொடங்கும். இடைவெளியை மறைத்து ஒட்டினால் 9,00,000இலிருந்து திடீரென 40க்கு இறங்கியதாகப் பதிவேடு காட்டும். வேகத்தைக் கணக்கிட்டால் பொருளற்ற எண் வரும். அடையாளப் பதிவு இருப்பின் ஆய்வுக் கருவி அவ்விடத்தில் கணக்கை நிறுத்திப் புதிதாகத் தொடங்கும். சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போர் விடுபட்ட அடியில் புள்ளியிட்டுச் செல்வது போன்ற நேர்மை இது.

இரு காப்பகங்களில் ஒரே பெயருள்ள அளவு வெவ்வேறு அலகில் இருந்தால் இக்கட்டளை இணைக்க மறுத்துவிடும் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவற்றை ஒத்திசைவிக்கத் தனிக் கருவி உண்டு; ஆனால் மாற்ற விதியை மனிதரே எழுதித் தர வேண்டும். சுருக்குவதற்கு 'பிஎம்லாக்ரெட்யூஸ்' என்னும் வேறொரு கட்டளை உள்ளது. நறுக்குவது வேறு, நுணுக்கத்தைக் குறைப்பது வேறு என்ற வேறுபாடு கட்டளைப் பெயர்களிலேயே காக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் இதே பணிகளைச் செய்யும் 'ரீலாக்' என்னும் கட்டளை, சுருக்கும்போது சராசரி எடுப்பதில்லை. ஒவ்வொரு பத்தாவது பதிவை வைத்துக்கொள் என்றால் இடையிலுள்ள ஒன்பதையும் விட்டுவிடும். 'சுருக்கப்பட்ட தரவு' என்று ஆய்வேட்டில் எழுதுவோர் இவ்விரண்டில் எதைச் செய்தனர் என்பதைக் கூற வேண்டும். சராசரியில் உச்சம் மழுங்கும். தாவலில் உச்சம் முற்றிலும் காணாமற்போகலாம், அல்லது தற்செயலாக அது மட்டுமே எஞ்சலாம்.

இணைப்பதில் இன்னொரு சிக்கல் காலம். 1906 சனவரி 1இல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வருமுன் இரயில்வே மதராஸ் நேரத்தைப் பின்பற்ற, கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நேரத்தில் இயங்கின. அதன் பின்னரும் பல ஆண்டுகள் அவை தம் நேரத்தை விடவில்லை. அக்காலத்துத் தந்திக் குறிப்பையும் நகரக் குறிப்பையும் ஒப்பிடும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் அதே இடர்ப்பாடு இங்கும் உண்டு. நம் நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி முந்தியது. பொது நேரத்தின் மணி எல்லைகளில் சராசரியாக்கிய பதிவை நம் மணிக்கு மாற்றினால் ஒவ்வொரு கட்டமும் அரை மணி தள்ளி விழும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் அலுவலகச் சுமை இரு கட்டங்களில் பிளந்துபோகும்.

ஆய்வு முடிவையே மாற்றவல்ல வெட்டலுக்குச் சான்று, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் டிரோர் ஃபைடெல்சன் பேணிவரும் இணைச்செயற் பணிச்சுமைக் காப்பகம். உலகின் பல மீக்கணினிகளில் ஓடிய பணிகளின் பதிவேடுகள் அதில் ஒரே வடிவில் உள்ளன: பணிக்கு ஒரு வரி, வரிக்கு 18 புலங்கள். அவற்றுள் பழையதொன்று நாசா ஏம்ஸ் மையத்தின் 128 கணுக்கள் கொண்ட இன்டெல் ஐபிஎஸ்சி/860 கணினியில் 1993இன் கடைசி மூன்று மாதங்களில் பதிவானது. அதிலுள்ள பணிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, கணினி உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நிர்வாகிகள் ஓட்டிய 'பிடபிள்யூடி' என்னும் சிறு கட்டளை. இவற்றை நீக்காமல் 'அறிவியலாளரின் சராசரிப் பணி' எனக் கணக்கிட்டால், அது காவலாளியின் கதவுத் தட்டலையே அளந்ததாகும். அதற்காக நீக்கியதை மட்டுமே வைத்திருந்தால், அக்கணினி எவ்வாறு கண்காணிக்கப்பட்டது என்னும் சான்று அழிந்துவிடும். ஃபைடெல்சனும் டான் சஃப்ரீரும் 2006இல் பதிவேடுகளைத் தூய்மைப்படுத்துவது குறித்து விரிவாக எழுதினர். காப்பகம் மூலத்தையும் தூய்மைப்படுத்திய வடிவத்தையும் அருகருகே வைத்து, எது ஏன் நீக்கப்பட்டது என்பதையும் சொல்கிறது.

ஆவணவியலுக்கு இது பழைய விவாதம். எதை அழிப்பது என்பதைக் காப்பாளர் தீர்மானிக்கலாகாது என்று 1922இல் ஹிலரி ஜென்கின்சன் வாதிட்டார். பெருகும் ஆவணங்களுக்கிடையே மதிப்பிட்டுத் தெரிவதே காப்பாளரின் கடமை என்றார் 1956இல் ஷெல்லன்பெர்க். இன்று அத்தீர்மானத்தை எடுப்பது பெரும்பாலும் இரவில் தானே இயங்கும் ஒரு நிரல். கோ-பைலட்டின் அன்றாடப் பராமரிப்பு நிரல், வேறு ஏற்பாடு செய்யாவிடில், 14 நாளுக்கு மேற்பட்ட காப்பகங்களை நீக்கிவிடும்.

இந்தியச் சூழலில் இரு சட்ட எல்லைகள் நினைவிற்கு உரியன. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் கணினி உருவாக்கும் எப்பொருளையும் ஆவண வரையறைக்குள் சேர்க்கிறது. விதிமுறைக்குப் புறம்பாக அழிப்பதைத் தடுக்கிறது. 2022 ஏப்ரல் 28இன் செர்ட்-இன் ஆணை கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை நாட்டின் பொது நேர வழங்கிகளோடு இசைவிக்கவும் பணிக்கிறது. பின்னது பாதுகாப்பை முன்னிட்டது, வரலாற்றை முன்னிட்டதன்று. பொதுப் பணத்தில் இயங்கும் மீக்கணினிகளின் செயல்திறன் பதிவேடு முந்தைய சட்டத்தின் பொருளில் ஆவணமா என்னும் கேள்வியை நம் வரலாற்றுத் துறைகள் எழுப்ப வேண்டும். அந்த இயந்திரங்களில் எந்த அறிவியல் எவ்வளவு நேரம் ஓடியது, எது வரிசையில் காத்திருந்தது என்பதை நாளை எழுதப்போவோர்க்கு வேறு நேரடிச் சான்று மிகக் குறைவு.

ஆய்வு மாணவர்க்கு இவ்வரலாறு தரும் நடைமுறை விதிகள் மூன்று. மூலக் காப்பகத்தைத் தொடாமல் நகலில் மட்டும் வெட்டுக. நறுக்கிய எல்லை, நேர வலயம், சுருக்கிய முறை ஆகியவற்றோடு இயக்கிய கட்டளையையும் எழுத்து மாறாமல் தரவுடன் வைக்குக. ஒட்டிய இடத்தை மறைக்காதீர். அங்கே ஓர் இடைவெளி உண்டு என்பதும் தரவே.